டிசம்பர் முழுக்கப் பாடிவிட்டு ஜனவரியில் வருகிறவர்கள்

வேலூரில் பேச்சு, குரல் சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராதவர்கள், திக்கிப் பேசுகிறவர்கள், பேசத் தாமதமாகும் பிள்ளைகள் எல்லாம் வருஷம் முழுக்க வருவார்கள். ஜனவரி இரண்டாம் வாரம் மட்டும் வேறு ஒரு கூட்டம் வரும், குரல் கட்டிப்போய், கையில் ஃப்ளாஸ்க்கில் வெந்நீரோடு. பெரும்பாலும் கிறிஸ்தவ சபைகளில் கொயர், அதாவது பாடகர் குழு, நடத்துகிறவர்கள்தான். காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், சில சமயம் ஆரணியிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். பாடின முப்பது பேருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, முன்னால் நின்று நடத்தினவருக்குக் குரல் போயிருக்கும். இது ஏன் என்பதை நவம்பரிலேயே எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பயிற்சி இப்போதுதானே சூடுபிடிக்கிறது.

ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). நாற்பதைத் தாண்டினவர், பள்ளியில் தினமும் ஐந்தாறு பீரியட், அதற்கு மேல் பல வருஷமாகத் தன் சபையின் கொயரை நடத்துகிறார். என் முன்னால் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாடினதாலதான் தொண்டை போச்சுன்னு வீட்ல சொல்றாங்க மேடம், பாட்டை விட்டுடணுமா?" கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஸ்கோப் வைத்துப் பார்த்ததில் இரண்டு குரல் நாண்களிலும் நடுப்பகுதியில், எதிரெதிரே, சின்ன முடிச்சு மாதிரி தடிப்பு. நாட்யூல் என்று சொல்வோம். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு காய்க்கிற மாதிரிதான் இதுவும், ஒரே இடம் திரும்பத் திரும்ப மோதி மோதித் தடித்துப்போகிறது. பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை மோதி விலகும், ஆண்களுக்கு 100 முதல் 130 தடவை. பெண்களில் உயர்ந்த குரலான சோப்ரானோ பாடுகிறவர் 440 ஹெர்ட்ஸில் இருக்கிற ஏ சுரத்தைப் பிடித்தால் நொடிக்கு 440. இதைத் தாங்குகிற மாதிரிதான் அந்த நாண்கள் அமைந்திருக்கின்றன, அதனால் ஒழுங்காகப் பாடுவதால் மட்டும் யாருக்கும் குரல் போய்விடாது.

அப்படியென்றால் எதனால் போனது? அதைப் பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்களுடைய பயிற்சிக்கே போய் உட்கார்ந்தேன். ஆலயத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஹால், வெளியே மழை, உள்ளே நான்கு ஃபேன், கீபோர்டு தம்பி யாரும் கேட்காமலே ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்தில் டீச்சர் பாடினது அரை மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினதுதான். "பின்னாடி பேச்சு வேண்டாம்." "ஆல்டோ, ரெண்டாவது சரணத்துல இறங்கிட்டீங்க." "நோட்ஸ் யார்கிட்ட இல்ல?" அப்புறம் சோப்ரானோவுக்கு ஒரு தடவை, பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்டோவுக்கு ஒரு தடவை, ஆண்களில் உயர்ந்த குரலான டெனருக்கு, தாழ்ந்த குரலான பேஸ் அண்ணன்மார்களுக்குத் தன் குரலுக்கு எட்டாத கீழ்ச் சுரத்தில் தொண்டையை அமுக்கிக்கொண்டு ஒரு தடவை, இப்படி ஒவ்வொரு வரியையும் நான்கு பார்ட்டுக்கும் அவரே பாடிக் காட்டினார். எல்லாரும் சேர்ந்து பாடும்போதாவது சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை, யார் தடுமாறினாலும் அவர்களோடு சேர்ந்து உரக்கப் பாடித் தூக்கிவிட்டார். நடுநடுவே கனைத்துக்கொண்டே இருந்தார், நான் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். ஒவ்வொரு கனைப்பும் அந்தத் தடிப்பின் மேல் விழுகிற அடி.

சுற்றிலும் சத்தம் இருந்தால் மனுஷனுக்குத் தன்னை அறியாமலே குரல் உயரும். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-ல் இதை விவரித்தார், அதனால் லொம்பார்ட் விளைவு என்றே பெயர். வேலூர்க் கோட்டைக்குள் 1846-ல் கட்டின செயின்ட் ஜான்ஸ் ஆலயமாக இருந்தாலும் சரி, போன வருஷம் கூரை போட்ட கிராமத்துச் சபையாக இருந்தாலும் சரி, முப்பது பேருக்கு எதிரே நிற்கிறவருடைய தொண்டைக்கு இதிலிருந்து விலக்கு கிடையாது. கத்தக் கூடாது என்று மனசில் முடிவு செய்வதால் இது நிற்காது, சத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். அதனால் நான் முதலில் சொன்னது மருந்தும் இல்லை, பயிற்சியும் இல்லை. டீச்சர் கை தூக்கினால் கீபோர்டு உட்பட எல்லாம் நிற்க வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் சிலர் மாட்டிக்கொள்கிறார்களே, இடுப்பில் சின்ன ஸ்பீக்கரும் வாய்க்குப் பக்கத்தில் மைக்கும், அதை ஒன்று வாங்க வேண்டும். நான்கு பார்ட்டையும் கீபோர்டில் தனித்தனியாக வாசித்து ஒரு தடவை பதிவு செய்து குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டும், வீட்டிலேயே கேட்டுவிட்டு வரட்டும். டெனருக்கு டெனரில் ஒருவர், பேஸுக்குப் பேஸில் ஒருவர் பாடிக் காட்டட்டும்.

இதில் கடைசியாகச் சொன்னதுக்குத்தான் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க தப்பா சொல்லிக் குடுத்துட்டா, மறுபடி நான்தான மேடம் திருத்தணும்?" எனக்கு இது நன்றாகப் புரிகிறது. கொயர் நடத்துகிறவர்கள் எல்லாருமே பாட்டின் மேல் அவ்வளவு பிரியம் உள்ளவர்கள், சம்பளம் வாங்காமல் வருஷக்கணக்காகச் செய்கிறார்கள், ஒரு சுரம் பிசகினால் தூக்கம் வராது. ஆனால் அந்தக் குழுவின் எல்லா வேலையும் அவர் தொண்டை வழியாகத்தான் போயிற்று. ஜெராக்ஸ் எடுப்பது, புடவைக் கலர் முடிவு செய்வது, வராதவர்களுக்குப் போன் போடுவது, ஐயரிடம் (சபைப் போதகரிடம்) எந்தப் பாட்டு என்று கேட்டு வருவது, சோலோ கிடைக்காத கோபத்தில் இருக்கிறவரைச் சமாதானம் செய்வது, வீட்டுக்கு வீடு போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் பேசுவது. ஒரு சனிக்கிழமை எத்தனை போன் பேசினீர்கள் என்று பார்க்கச் சொன்னேன், அவரே போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். இருபத்து மூன்று. மூன்றாவது தடவை வந்தபோது கொயர் செயலாளரையும் கூடக் கூட்டி வரச் சொன்னேன். வந்த அண்ணன் ஸ்கோப் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர் வாய விட்டுச் சொல்லவே இல்லையே" என்றார். போன், வேன், ஜெராக்ஸ் மூன்றும் அன்றைக்கே கை மாறின.

சிகிச்சை என்று நான் கொடுத்தது எளிமையானதுதான். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஸ்ட்ரா இரண்டு விரற்கடை மூழ்க வேண்டும், குமிழி வரும்படி ஊதிக்கொண்டே "ஊ" என்று மெல்ல இழுக்க வேண்டும், அப்படியே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. ஸ்ட்ராவின் எதிர்ப்பால் காற்றழுத்தம் சமப்பட்டு நாண்கள் மென்மையாக மோதும். முதல் நாள் குமிழி விட்டு விட்டு வந்தது, பத்து நாளில் ஒரே சீராக வந்தது. பெரியவர்களுக்கு வரும் நாட்யூலில் பெரும்பாலானவை இப்படிக் குரல் சிகிச்சையிலேயே சரியாகிவிடும், ஆபரேஷன் வரை போவது குறைவு. பாலிப் போல வேறு கட்டியாக இருந்தால் வழி வேறு, அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் கேட்பது பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், தேன். தாராளமாகச் சாப்பிடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் நாணைத் தொடாது, தொட்டால் புரையேறிவிடும். தண்ணீரும் அப்படித்தான், உடம்பு முழுக்க ஈரம் சேர்ந்துதான் நாணுக்கும் போகும், அதனால் பயிற்சி அன்று காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருக்க வேண்டும். குரல் கட்டினால் கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு இல்லை, பலர் அப்போதுதான் தொண்டையை இன்னும் இறுக்குகிறார்கள். மெதுவாக, கொஞ்சமாக, இயல்பான குரலில் பேசுங்கள். கேரல் ரவுண்ட்ஸில் வீட்டுக்கு வீடு டீயும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு விடியற்காலையில் வந்து உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலே ஏறிக் குரல் நாணைப் புண்ணாக்கும். இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் குரல் வந்தாக வேண்டும் என்று மெடிக்கலில் சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வீக்கம் அடங்கினது போல இருக்கும், அந்தத் தைரியத்தில் புண்பட்ட நாணை வைத்துக்கொண்டே முழுக் குரலில் பாடிவிடுவீர்கள்.

டீச்சர் அடுத்த டிசம்பரிலும் கொயரை நடத்தினார், இடுப்பில் ஸ்பீக்கரோடு. ரவுண்ட்ஸ் வேனில் முதல் சுரம் எடுத்துக் கொடுத்தது டெனரில் இருக்கிற ஒரு கல்லூரித் தம்பி. இரண்டு இடத்தில் சுருதி மேலே போய்விட்டதாம், சொல்லும்போது அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

இப்போதே குரல் கட்டியிருந்து மூன்று வாரம் தாண்டிவிட்டது என்றால் ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஸ்கோப் வைத்துப் பாருங்கள். புகை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், விழுங்கும்போது வலி, எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சு வாங்குவது என்று ஏதாவது இருப்பவர்கள் மூன்று வாரம்கூடப் பார்க்காதீர்கள், உடனே போங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று உடைந்து நின்றுவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றைக்குப் பாட்டை வேறொருவர் எடுக்கட்டும், அவர் யார் என்று இந்தச் சனிக்கிழமையே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.