பிங்ஃபா: போர்க்கலையா, படைமுறையா?

பழங்காலச் சீனப் போர் அறிஞர் சுன் சூ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அவர் பெயரில் உள்ள 'போர்க்கலை' நூல்தான். ஆனால் சீனத்தில் அந்த நூலுக்கு 'சுன்சூ பிங்ஃபா' என்றுதான் பெயர், அதில் கலை என்ற சொல்லே கிடையாது. பெய்ஜிங்கில் வாழ்ந்த அமியோ என்ற யேசு சபைத் துறவியின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1772-இல் பாரிஸில் வெளியானபோது 'சீனரின் போர்க்கலை' என்று தலைப்பிட்டார்கள், 1910-இல் லயனல் கைல்ஸின் ஆங்கில நூலும் 'போர்க்கலை' என்றே வந்தது, நாமும் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் 'பிங்ஃபா'வைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில், 'பிங்' என்றால் என்ன? அந்த எழுத்தின் மிகப் பழைய வடிவத்தில் இரண்டு கைகள் ஒரு கோடரியைத் தூக்கிப் பிடித்திருக்கும். முதலில் ஆயுதம், பிறகு அதை ஏந்தியவர்கள், அப்புறம் அவர்கள் செய்யும் போர் என்று பொருள் விரிந்துகொண்டே போனது. இந்த மூன்றும் சுன் சூவிலேயே இருக்கின்றன. முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் பிங் நாட்டின் பெரிய காரியம் என்கிறார், அது போர். போரை இழுத்தடித்தால் பிங் மழுங்கிவிடும் என்று இரண்டாவதில் சொல்வது ஆயுதத்தை. சண்டையே இல்லாமல் எதிரியின் பிங்கைப் பணியவைப்பதுதான் தலைசிறந்தது என்ற மூன்றாம் அத்தியாயத்துப் புகழ்பெற்ற வரியில் அது சேனை.

இதைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றிய சொல் 'படை'. 'தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்' என்ற குறளில் படை கும்பிட்ட கைக்குள் மறைந்திருக்கும் ஆயுதம், 'ஊறஞ்சா வெல்படை' என்னும்போது சேனை. இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் நம்மிடமே இருக்கும்போது அதை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'ஃபா' என்பது சட்டம், விதி, முறை. போரில் எடைபோட வேண்டிய ஐந்தை சுன் சூ அடுக்கும்போது கடைசியாக வருவது இந்த ஃபா, அதற்கு அவரே தரும் விளக்கம் படைப்பிரிவுகளின் அமைப்பு, அதிகாரிகளின் பொறுப்பு, செலவுக்கணக்கு. நான்காம் அத்தியாயத்தில் 'பிங்ஃபா' என்று சொல்லியே ஐந்து படிகளைத் தருகிறார்: நிலத்தை அளப்பது, அதிலிருந்து கொள்ளளவு, அதிலிருந்து ஆள் எண்ணிக்கை, பிறகு இரு பக்கத்து வலிமையையும் எடைபோடுவது, அதன் பிறகுதான் வெற்றி. முழுக்க அளவும் கணக்கும்! 'மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்' என்று வள்ளுவர் சொல்லும் 'தூக்கி'யும் எடைபோடுவதுதான்.

அதனால் என் தேர்வு 'படைமுறை'. 'படைநெறி' காதுக்கு இனிமைதான், ஆனால் நெறி என்பது வழி, அது சுன் சூ அதே ஐந்தில் முதலில் வைக்கும் 'தாவோ'வுக்குத் தேவைப்படும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அவர் பிரித்துக் காட்டியது குழம்பிவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. இதே இரண்டு எழுத்துகளை ஜப்பானில் 'ஹெய்ஹோ' என்று படிப்பார்கள், அங்கே ஒரு தனி வீரனின் வாள் பயிற்சிக்கும் அதுதான் பெயர். அங்கே 'போர்க்கலை' இடிக்கும். 'படைமுறை' இடிக்காது, வாளும் படைதானே.