யார்க்‌ஷயர் கிராமப்புறத்துக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகும் முன்

மே மாதம் பிறந்தால் போதும், இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துவிடுவார்கள். லண்டன் பார்த்து முடித்ததும் கார் வடக்கே கிளம்பும். அப்படிப் போகிறவர்கள் பலரும் சேரும் ஊர்களில் ஒன்று ஸ்கிப்டன். யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் தெற்கு வாசல் என்று சொல்லலாம். நான் வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். கோடைக்கால வாரக் கடைசிகளில் எங்களிடம் வரும் முதியவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருப்பார்கள். மணிக்கட்டு முறிந்திருக்கும், சர்க்கரை இறங்கி மயங்கியிருப்பார்கள், உண்ணி கடித்திருக்கும். பெரும்பாலானவை தவிர்த்திருக்கக் கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கண்டிப்பாக அழைத்துப் போங்கள். திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் ஸ்கிப்டன் பெரிய வீதியின் இருபுறமும் சந்தை கூடும். வீதியின் மேல்கோடியில் 900 ஆண்டுக்கு மேல் பழமையான கோட்டை. உள்நாட்டுப் போரில் மூன்றாண்டு முற்றுகையைத் தாங்கி 1645 டிசம்பரில் பணிந்தது. அதைப் பழுது பார்த்துக் கட்டிய ஆன் கிளிஃபோர்டு சீமாட்டி 1659-ல் உள்முற்றத்தில் நட்ட யூ மரம் இன்றும் நிற்கிறது. ஊருக்குள்ளேயே லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய் ஓடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்களை அதில் படகில் ஏற்றிவிட்டால் நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்கள். கோட்டைப் படிகளிலும், சந்தை வீதியில் பாவிய கற்களிலும் மழை பெய்தால் வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் அவ்வளவுதான் எச்சரிக்கை.

ஊரை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்குக் கவலை. பச்சைப் புல்வெளி, கல் மதில்கள், மேயும் ஆடுகள் எல்லாம் யாரோ பராமரிக்கும் பூங்கா மாதிரி தெரியும். உண்மையில் அது விவசாயிகள் பிழைப்பு நடத்தும் நிலம். மஞ்சள் அம்புக்குறி போட்ட பொது நடைபாதை தனியார் வயலுக்கு நடுவேதான் போகும். மதிலைத் தாண்டக் கல் படியோ மரப் படியோ ஏறி இறங்க வேண்டியிருக்கும். கைப்பிடி இருக்காது, அந்தப் பக்கம் சேறாகவும் இருக்கலாம். எலும்பு தேய்ந்த அறுபது வயதுக்காரர் அங்கே தடுக்கினால் அனிச்சையாகக் கையை ஊன்றுவார், மணிக்கட்டு போய்விடும். நாங்கள் அதிகம் பார்க்கும் முறிவு இதுதான். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் தட்டைச் செருப்பு என்று அம்மாக்கள் கிளம்பினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். சுடிதாரோ பேன்ட்டோ, பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணியோ போடச் சொல்லுங்கள். காலணி புதிதாக இருந்தால் ஒரு வாரமாவது வீட்டில் போட்டுப் பழகட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. அன்றிரவு பாதத்தை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டேல்ஸில் இன்னொரு சிக்கல், சாப்பாட்டு நேரம். கிராமத்து பப்களில் பலவற்றின் சமையலறை மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும், மறுபடி மாலையில்தான் திறக்கும். பக்கத்தில் வேறு கடையும் இருக்காது. காலையில் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் மேடு பள்ளத்தில் நடந்து, மூன்று மணிக்கு மூடிய கதவின் முன் நிற்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, அப்புறம் மயக்கம். குளிர்பானம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். 2018 ஏப்ரலில் சர்க்கரை வரி வந்ததையொட்டி இங்கே பல குளிர்பானங்களில் சர்க்கரையைப் பாதி அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். கடையில் கையில் கிடைத்த பாட்டில் உதவாமல் போகலாம். மருந்துக் கடையில் குளுக்கோஸ் மாத்திரை வாங்கி அவர்களுடைய சட்டைப் பையிலேயே வையுங்கள். உங்கள் காரில் இருந்து பயனில்லை. 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, தெளிந்ததும் சாப்பிடக் கொடுக்க வேண்டும். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். இதற்கெல்லாம் முன்னால், காலையில் ஸ்கிப்டன் சந்தையிலேயே வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போங்கள்.

மாடு விஷயத்தில் நம்மவர்களுக்குப் பயமே கிடையாது. வீட்டில் மாடு வைத்திருந்தவர்கள், பார்த்ததும் பக்கத்தில் போய்த் தொட்டுக் கும்பிடுவார்கள், கன்றைத் தடவிப் படம் எடுத்துக்கொள்வார்கள். டேல்ஸ் மலைச்சரிவில் கன்றோடு மேயும் மாடுகள் மனிதக் கை பட்டு வளர்ந்தவை அல்ல. இறைச்சிக்காக வளர்ப்பவை, அறுநூறு எழுநூறு கிலோ எடை, கன்றுக்கும் தனக்கும் நடுவில் யார் வந்தாலும் முட்டித் தள்ளும். இந்த நாட்டில் நடைபாதையில் போனவர்கள் மாடு மிதித்து இறந்ததும் உண்டு. கன்று இருந்தால் வயலின் ஓரமாகச் சுற்றிப் போங்கள், ஓடாமல் நிதானமாக நடங்கள். கூட நாய் இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், மாட்டுக்குக் கோபம் நாயின் மேல்தான். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். ஸ்கிப்டனிலிருந்து சில மைல் தூரத்தில் போல்டன் அபி. 1154-ல் துறவிகள் வந்து அமைத்த மடம், எட்டாம் ஹென்றி காலத்தில் கலைக்கப்பட்டது. இடிபாடுகளுக்கு முன்னால் வார்ஃப் ஆறு அகலமாக, அமைதியாகப் போகும். குழந்தைகள் கணுக்கால் நனைய விளையாடுவார்கள். அதே ஆற்றை ஒட்டி மரங்களுக்கு நடுவே மேலே நடந்தால் ஸ்ட்ரிட் என்ற இடம் வரும். அவ்வளவு அகலமான ஆறு இரண்டு மீட்டர் அளவு இடுக்கில் நுழைந்து போகிறது. பார்த்தால் ஒரே தாவில் தாண்டிவிடலாம் போலிருக்கும். கரைப் பாறைகளில் பாசி, கீழே தண்ணீர் குடைந்து வைத்த ஆழமான பொந்துகள். உள்ளே போனவரை நீர் அந்தப் பொந்துக்குள் இழுத்துவிடும். சீமாட்டி ஒருவரின் மகன் இங்கே தாண்டப் போய் இறந்தான் என்று 12-ம் நூற்றாண்டுக் கதையே இருக்கிறது. நம் காலத்திலும் உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டிப் படம் எடுக்கப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். பாதையிலிருந்தே பாருங்கள், குழந்தையின் கையை விடாதீர்கள்.

ஆற்றில் எங்கே விழுந்தாலும், கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். குளிர் தாக்கியதும் மூச்சு தானாக இழுக்கும், அப்போது கை காலை அடித்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். மல்லாந்து மிதந்தபடி மூச்சு சீராகும்வரை காத்திருப்பதுதான் வழி. கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. கயிறோ மிதக்கும் பொருளோ எறிந்துவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும்.

மாலம் கோவுக்கும் போவீர்கள். 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறைச் சுவர். பனியுகத்தின் முடிவில் பேரருவி விழுந்த இடம். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் மழையில் கொஞ்ச நேரம் மறுபடியும் அருவி விழுந்தது. அடிவாரம் வரை பாதை நன்றாக இருக்கும், பெரியவர்களுக்கு அதுவே போதும். மேலே போக சுமார் 400 படிகள், உச்சியில் பாறைத் தளம் பிளவு பிளவாக இருக்கும். கால் சிக்கினால் கணுக்கால் திருகிக்கொள்ளும்.

பாம்பு இருக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த நாட்டில் விஷமுள்ள ஒரே பாம்பு ஆடர். அது கடித்து இங்கே கடைசியாக ஒருவர் இறந்தது 1975-ல். நான் பயப்படச் சொல்வது உண்ணிக்கு. உயரமான புல்லிலும் பெரணியிலும் இருக்கும். குஞ்சு உண்ணி ஒரு கசகசா அளவுதான், கடித்தால் வலிக்காது. சில உண்ணிகள் லைம் நோய்க் கிருமியைச் சுமக்கும். தோல், நரம்பு, மூட்டுகளைத் தாக்கும் பாக்டீரியா தொற்று அது.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் உடம்பு முழுக்கப் பாருங்கள். முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, இடுப்பில் நாடா இறுகும் இடம், அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம். உண்ணி ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால், தோலை ஒட்டி அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, வாசலின் பூசுவது எதுவும் வேண்டாம். அப்புறம் கிருமிநாசினியால் துடைத்துவிட்டுத் தேதியைக் குறித்து வையுங்கள். கடித்த எல்லோருக்கும் மருந்து தேவையில்லை.

தேதி எதற்கென்றால், லைம் நோய் தொற்றியிருந்தால் தோலில் தடிப்பு பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் வரும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். பாடப் புத்தகப் படங்களில் வெள்ளைத் தோலில் சிவப்பு வளையமாக இருக்கும். நம் மாநிறத்தில் அப்படித் தெரியாது. அடிபட்டுக் கன்றிய மாதிரி ஊதாவாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ இருக்கும், பெரிதாக அரிக்காது, நாளுக்கு நாள் பரவும். ஒரு அம்மா முழங்காலுக்குப் பின்னால் இப்படி ஒரு தடிப்போடு வந்தார். படர்தாமரை என்று நினைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பைப் பத்து நாளாகத் தடவியிருந்தார்கள். ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தால் மறுநாளே கோட்டைத் தாண்டியிருந்தது. தடிப்பு இருந்தாலே போதும், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று வாரம் கொடுப்போம். அவருக்கும் கொடுத்தோம், குணமாகிவிட்டார்.

பணம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. வார்டில் சேர்த்துவிட்டால், சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு வழக்கமான விலையில் 150 சதவீதம் வரை பில் வரும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை என்றால் நினைத்துப் பாருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் அதைக் காட்டியே பணம் தர மறுப்பார்கள். மலையில் விபத்து என்றால் 999-ஐ அழைத்துப் போலீஸையும், அவர்கள் வழியாக மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், உங்களிடமும் பணம் கேட்க மாட்டார்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் பல இடங்களில் இருக்காது. ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்குக் குறுஞ்செய்தியாக முன்கூட்டியே அனுப்பிப் பதிவு செய்துவிட்டால், பேச முடியாத அளவு சிக்னல் குறைந்த இடத்திலிருந்தும் செய்தி அனுப்பி உதவி கேட்கலாம்.

ஊர் திரும்பிய பிறகு அப்பா அம்மாவுக்குக் காய்ச்சல், பரவும் தடிப்பு, முகத்தில் ஒரு பக்கம் தொய்வு, மூட்டு வீக்கம் வந்தால், மதுரையிலோ திருச்சியிலோ பார்க்கும் மருத்துவருக்கு லைம் நோய் சட்டென்று நினைவுக்கு வராது, அங்கே அது அரிது. முகம் தொய்ந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் புல்வெளியில் நடந்தோம், உண்ணி கடித்தது இந்தத் தேதியில் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மருந்துப் பையில் வைத்து அனுப்புங்கள்.