ஈ.எம்.டி விலக்கு கிடைத்தும் டெண்டர் ஏன் கைநழுவுகிறது?

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்கும் பொருள், சேவைகளில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். 2012-ல் 20 சதவீதமாக இருந்த இலக்கு 2018-ல் உயர்ந்தது. அதற்குள்ளேயே பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு 4, பெண்களின் நிறுவனங்களுக்கு 3 சதவீதம் உண்டு. நடுத்தர நிறுவனங்களுக்கு இதில் இடமில்லை. மாநில அரசு டெண்டர்களையும் இது கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் அவை 1998-ஆம் ஆண்டு வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடப்பவை, அவற்றின் விதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

ஈ.எம்.டி, அதாவது டெண்டரில் கலந்துகொள்ளக் கட்டும் முன்வைப்புத் தொகை, கட்ட வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அந்த விலக்கு யாருக்கு என்பதில்தான் முதல் சறுக்கல். மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில், கேட்கப்படும் பொருளை நீங்களே தயாரிக்க வேண்டும், அல்லது சேவையை நீங்களே தர வேண்டும். வாங்கி விற்பவருக்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்று இருந்தாலும் விலக்கு இல்லை, விலைச் சலுகையும் இல்லை. 2021-ல் வணிகர்களை உத்யமில் சேர்த்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டுமே. ஆகவே சான்றில் உள்ள, தொழில் வகையைக் காட்டும் என்.ஐ.சி குறியீட்டைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 10 முதல் 33 வரை என்றால் உற்பத்தி, 45 முதல் 47 வரை என்றால் வணிகம். பட்டறை வைத்து இரும்புக் கட்டில் செய்பவர், பதிவு செய்துகொடுத்தவர் ஏதோ ஒன்றை அழுத்தியதால் சான்றில் சில்லறை வணிகராக நிற்பதுண்டு. திருத்தக் கட்டணம் கிடையாது, பிட் (டெண்டர் விலைப்புள்ளி) போடும் முன்பே திருத்திவிடலாம்.

அடுத்து பிட் ஆவணம். அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளில் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தளர்வு உண்டா என்ற வரியில் ‘இல்லை’ என்றிருந்தால், மூன்றாண்டு ஆர்டர் நகல்கள் இல்லாமல் உள்ளே போவது வீண். இந்தத் தளர்வு வாங்குபவரின் முடிவு, உங்கள் உரிமை அல்ல. கடைசிப் பக்கங்களில் வாங்குபவர் சேர்க்கும் கூடுதல் நிபந்தனைகளில்தான் சோதனை அறிக்கை, மாதிரி, உள்நாட்டு உள்ளடக்கச் சான்று எல்லாம் ஒளிந்திருக்கும். மதிப்பீட்டின்போது விளக்கம் கேட்டால் பதிலளிக்கப் பெரும்பாலும் இரண்டே நாள். கணக்கைத் தொடங்கியபோது கணினி மையத்துக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வி உங்களை வந்து சேராது.

விலை போடும் இடத்தில்தான் அதிகம் பேர் தங்களைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், ஆகியே தீர வேண்டும் என்று அடக்க விலைக்கும் கீழே இறங்கத் தேவையில்லை. குறைந்த விலை சொன்னவர் பெரிய நிறுவனம், அவர் விலை ஒன்றுக்கு ₹10,000 என்று வைப்போம். நீங்கள் ₹11,500 வரை சொல்லியிருந்தாலும், குறு, சிறு நிறுவனங்களுக்கான 15 சதவீத வரம்புக்குள் இருக்கிறீர்கள். அந்த ₹10,000-க்கே தரச் சம்மதித்தால் 100-ல் 25 உங்களுக்கு. பிரிக்க முடியாத பொருள் என்றால் முழு ஆர்டருமே வரலாம். வரம்புக்குள் பல சிறு நிறுவனங்கள் இருந்தால் பங்கு பிரியும். எல்-1-ஏ ஒரு குறு, சிறு நிறுவனம் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆகையால் எந்த விலைக்குக் கீழே போகமாட்டீர்கள் என்பதைத் தாளில் எழுதிவைத்துவிட்டு உட்காருங்கள், போட்டி போட்டு விலையைக் குறைக்கும் ரிவர்ஸ் ஆக்‌ஷன் இருந்தால் இன்னும் முக்கியம். போக்குவரத்து, இறக்குகூலி, ஜி.எஸ்.டி எல்லாம் சேர்ந்த விலைதான் கணக்கு.

ஆர்டர் வந்த பின் செயல்திறன் பிணை, அதாவது ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றுவதற்கான ஈட்டுத்தொகை. இதற்கு விலக்கில்லை. ₹20 லட்சம் ஆர்டருக்கு 3 சதவீதம் என்றால் ₹60,000. வாரண்டி உள்ளிட்ட பொறுப்புகள் முடிந்து 60 நாள் வரை அது செல்லுபடியாக வேண்டும். மூன்றாண்டு வாரண்டி என்றால் அத்தனை காலமும் பணம் முடங்கும். அதற்கான வட்டியை விலையில் சேர்க்க மறப்பவர் அநேகர்.

பொருளைப் பெறுபவர், அதை ஏற்றுக்கொண்டதற்கான சான்றைப் போர்ட்டலில் போட்டால்தான் பணம் நகரும். டெலிவரி செலானில் கையெழுத்தோடு திரும்பிவிடாதீர்கள். எழுத்துப்பூர்வ ஆட்சேபம் 15 நாளுக்குள் வராவிட்டால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி ஏற்றதாகவே கொள்ளப்படும். எப்படி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக ஏறும். இணையத்தில் மனு போட்டால் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள வசதியாக்கக் குழுக்கள் விசாரிக்கும். பொருள் அனுப்பும் நாளுக்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும், பாக்கி விழுந்த பின் எடுத்த சான்றை நம்பிப் போகாதீர்கள்.