சதுப்புக் காட்டில் லார்ஜ் ஃபார்மட் கேமரா: தண்ணீரில் இறங்கும் முன்

தெற்கு ஃப்ளோரிடாவில் மயாமியிலிருந்து நேப்பிள்ஸ் போகிற டாமியாமி டிரெயில் சாலையை 1928இல் திறந்தார்கள். அந்தச் சாலையின் இரு பக்கமும் தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் காடுதான் பிக் சைப்ரஸ். 1960களின் இறுதியில் இங்கே ஒரு மாபெரும் விமான நிலையம் கட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் ஒரே ஓர் ஓடுதளத்தோடு வேலை நின்றது. 1974இல் இந்தக் காடு தேசியக் காப்பகமானது, பின்னர் விரிவாகி இப்போது சுமார் 7,29,000 ஏக்கர். 8×10 அங்குலம், 12×20 அங்குலம் என்று பெரிய ஃபிலிம் ஷீட்டில் பதிக்கும் லார்ஜ் ஃபார்மட் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு இந்தத் தண்ணீரில் இறங்கிப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் கிளைட் புச்சரின் காட்சிக்கூடமும் இந்தச் சாலையோரத்தில் வந்ததுதான்.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு பழைய 4×5 அங்குல கேமராவை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது "முதலை கடிக்குமா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு நிமிடத்துக்கும் மேலாக ஷட்டர் திறந்திருக்கப் போகிறது. அந்த நேரத்தில் அங்கே என்னென்ன அசையும்? தரை அசையும், தண்ணீர் அசையும், இலை அசையும், ஹோல்டருக்குள் (ஃபிலிம் ஷீட்டை வைக்கும் தட்டையான உறை) இருக்கும் ஃபிலிமேகூட அசையும். சதுப்பில் வீணாகிற ஷீட்டுகளில் பெரும்பாலானவை இந்த அசைவால்தான் வீணாகின்றன.

எப்போது போவது

மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. வானத்தில் மலை மலையாக மேகம் எழும்புவது அப்போதுதான், சிவப்பு ஃபில்டர் போட்டு எடுக்கிற அந்தப் பிரமாண்டமான வானமும் அப்போதுதான் கிடைக்கும். கூடவே கொசு, பிற்பகல் இடி மின்னல், மூச்சு முட்டும் புழுக்கம். திறந்த புல்வெளியில் உலோக முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மேகத்துக்காகக் காத்திருப்பது முட்டாள்தனம். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். உடனே கேமராவை மடித்துவிட்டு காருக்குள் போங்கள்.

காட்டுக்குள் எடுக்க நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். மழைத் தண்ணீர் இன்னும் வடிந்திருக்காது, கொசு குறைந்திருக்கும், சைப்ரஸ் இலை துருநிறமாகி உதிரத் தொடங்கும். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் வற்றி, மிச்சமிருக்கும் பள்ளங்களில் மீனும் பறவையும் அலிகேட்டர் முதலையும் ஒன்றாகக் கூடிவிடும். பறவைப் படக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். முக்காலியோடு இறங்குகிறவருக்கு அந்தப் பள்ளங்கள் வேண்டாம்.

முதல்முறை வருகிறவர் தண்ணீரில் இறங்கவே தேவையில்லை. டாமியாமி டிரெயிலை ஒட்டியுள்ள கிர்பி ஸ்டோர்ட்டர் பூங்காவில் மரப்பாலம் இருக்கிறது. 24 மைல் நீளமுள்ள லூப் ரோட்டில் சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் இடங்களில் நின்றாலே ஸ்வீட்வாட்டர் ஸ்ட்ராண்ட் போன்ற அருமையான காட்சிகள் கிடைக்கும். மரப்பாலத்தில் ஒரே ஒரு தொல்லை: யாராவது நடந்தால் பலகை அதிரும். அவர்கள் கடந்து போகும்வரை ஷட்டரைத் தொடாதீர்கள்.

முக்காலியை ஊன்றுவது

பிக் சைப்ரஸின் தரை சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் சேறும் மக்கிய இலையும். சில இடங்களில் ஒரு சாண், சில இடங்களில் இடுப்பளவு. பாறையில் கரைந்து உண்டான குழிகளும் உண்டு, தண்ணீருக்கு மேலிருந்து அவை தெரியாது. கணுக்கால் திரும்புவது அங்கேதான். ஆறடி மூங்கில் கழியோ மரக்கழியோ கையில் இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. கழி முன்னே, கால் பின்னே. சைப்ரஸ் மரங்கள் குவிமாடம்போல் கூட்டமாக நிற்கும் இடங்களில் நடுவே இருக்கும் மரங்கள்தான் உயரம், ஆழமும் அங்கேதான் அதிகம். தண்ணீர் தொடையைத் தாண்டினால் நின்றுவிடுங்கள். அதற்கு மேல் போனால் கேமராவை ஊன்றுவதற்கே உயரம் போதாது.

காலுக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டாம். தண்ணீர் உள்ளே நிறைந்தால் ஒவ்வொரு காலும் கல்லாகிவிடும். கயிறு கட்டும் பழைய ஷூ, தடித்த முழுக்கால் சட்டை போதும். தண்ணீர் உள்ளே வரும், வெளியேயும் போகும். சாகிராஸ் புல்லின் விளிம்பு அறுக்கும் என்பதால் அரைக்கால் சட்டை ஆகாது.

முக்காலியின் கால்களை நீட்டும்போது வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தரையில் தடித்த பகுதியை முதலில் நீட்டுவோம். இங்கே கீழே இருக்கும் மெல்லிய பகுதியை முதலில் முழுசாக நீட்ட வேண்டும். அப்போதுதான் பூட்டுகள் தண்ணீருக்கு மேலே நிற்கும். பூட்டுக்குள் மண் புகுந்தால் அன்றைக்கே மரை தேயத் தொடங்கும்.

கேமராவை ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு காலையும் உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். பாறையில் தட்டினால் கையிலேயே தெரியும். தட்டாமல் இறங்கிக்கொண்டே போனால் அங்கே சேறு ஆழம். ஒரு சாண் சதுர பிளைவுட் துண்டுகள் மூன்றை அடியில் வையுங்கள், அல்லது டென்னிஸ் பந்தைக் கீறி முனையில் மாட்டுங்கள். பிறகு கேமராவை ஏற்றி, ரசமட்டத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் பாருங்கள். குமிழி நகர்ந்திருந்தால் முக்காலி இன்னும் இறங்குகிறது. அந்த இடத்தில் எடுக்கும் நெகட்டிவில் எல்லாக் கிளைகளும் இரண்டிரண்டாகத்தான் தெரியும்.

சரியாக ஊன்றிய பிறகும் கெடுப்பது பெரும்பாலும் நம் கால்தான். வேர்களும் சேறும் பின்னிய தரையில் முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு பாதத்தை அழுத்தினால் கேமரா தலையாட்டும். அதனால் ஷட்டரைத் தொடாமல் திறக்க உதவும் கேபிள் ரிலீஸ் நீளமாக, தொய்வாக இருக்கட்டும். ஷட்டரைத் திறப்பதற்கு முன் இரண்டடி பின்னால் வந்து நின்றுவிடுங்கள். நாம் எழுப்பிய அலை மரங்களில் மோதித் திரும்பி அடங்குவதற்குச் சில நிமிடம் ஆகும். அதுவரை நகராமல் நிற்பதுதான் வேலை.

ஃபோகஸ்: பிரதிபலிப்பு தண்ணீர்மேல் இல்லை

நிலக்காட்சிக்கு லென்ஸை முன்னால் சாய்த்து, காலடியிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக்குவது லார்ஜ் ஃபார்மட்டின் பெரிய வசதி. சதுப்பில் அதே வசதி காலை வாரிவிடும். லென்ஸைச் சாய்த்து தண்ணீர்ப் பரப்பின்மேல் ஃபோகஸை விரித்தால் மிதக்கும் பாசியும் இலையும் ஊசிமுனைபோல் தெரியும். தண்ணீரில் தெரியும் மரமோ மங்கிப்போகும். காரணம் எளியது. 20 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தின் பிம்பம் நீர்ப்பரப்பில் படிந்திருக்கவில்லை. மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்தில், அதே 20 மீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் அதை அப்படித்தான் பார்க்கும். கேமராவின் பின்னால் பிம்பம் விழும் கிரவுண்ட் கிளாஸ் கண்ணாடியில் லூப் என்ற உருப்பெருக்கியை வைத்து, முதலில் ஒரு மிதக்கும் இலையையும் பிறகு அதன் பக்கத்தில் தெரியும் கிளையின் பிம்பத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் தெரியும், ஃபோகஸ் மட்டும் வேறு வேறு.

எனவே சாய்வை மறந்துவிட்டு அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, குறைப்பதுதான் பாதுகாப்பு. எஃப் எண் ஏற ஏறத் துளை சிறிதாகும். 8×10 கேமராவில் 300 மி.மீ. லென்ஸை 10 மீட்டரில் ஃபோகஸ் செய்து எஃப்/45 வைத்தால், ஏறத்தாழ 5 மீட்டரிலிருந்து தொலைவு முழுக்கத் தெளிவாக இருக்கும். எஃப்/64 என்றால் 7 மீட்டரில் ஃபோகஸ் செய்யலாம், மூன்றரை மீட்டரிலிருந்து கிடைக்கும். 4×5இல் 150 மி.மீ. லென்ஸுக்கு இதே கணக்கு எஃப்/22, எஃப்/32. அதைவிட அருகில் இருக்கும் பொருளைச் சட்டகத்திலிருந்து விலக்குங்கள். மரத்தண்டுகள் நேராக நிற்க, கேமராவின் பின்பக்கத்தைச் செங்குத்தாக வைத்து, லென்ஸ் இருக்கும் முன்பக்கத்தை உயர்த்துங்கள். கேமராவை அண்ணாந்து பார்க்கவைத்தால் காடு பின்னால் சரிவதுபோல் இருக்கும்.

தண்ணீரின் பளபளப்பை நீக்கும் போலரைஸர் ஃபில்டரைப் பையிலேயே விட்டுவிடலாம். பிரதிபலிப்பைக் கொன்றுவிட்டால் சதுப்பில் மிஞ்சுவது பழுப்புத் தண்ணீர்தான்.

எக்ஸ்போஷர்: வரிசை மாறினால் அரை ஸ்டாப் போச்சு

மேகமூட்டமான காலையில் மர நிழலுக்குள் ஐஎஸ்ஓ 125 உள்ள எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு, எஃப்/45இல் ஒளியளக்கும் மீட்டர் 8 விநாடி காட்டுகிறது என்று வையுங்கள். ஆரஞ்சு ஃபில்டருக்கு இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. ஆக 32 விநாடி. இத்தனை நீண்ட நேரத்துக்கு ஃபிலிம் சோம்பிப்போகும். ஃபிலிமைத் தயாரிக்கும் இல்ஃபோர்டு தருகிற கணக்குப்படி இந்த ஃபிலிமுக்கு நேரத்தை 1.26 என்ற அடுக்குக்குறிக்கு (32^1.26 என்பதுபோல்) உயர்த்த வேண்டும். 32 விநாடி 79 ஆகிறது. 10 விநாடி 18 ஆகும், 60 விநாடி கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகும். அதே நிறுவனத்தின் ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு அடுக்கு 1.31.

அடிக்கடி நடக்கிற பிழை வரிசையில்தான். மீட்டர் காட்டிய 8 விநாடிக்கு முதலில் இந்தத் திருத்தத்தைச் செய்து, பிறகு ஃபில்டருக்காக நான்கால் பெருக்கினால் 55 விநாடி வரும். அரை ஸ்டாப்புக்கும் மேல் குறைவு. நிழலில் இருக்கும் வேர்கள் வெறும் கருப்பாகிவிடும். ஃபில்டர், பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடிந்து விரியும் துருத்தி) நீட்சி இரண்டையும் சேர்த்த பிறகே கடைசியில் இந்தத் திருத்தம். பெல்லோஸ் கணக்கையும் விடாதீர்கள்: 300 மி.மீ. லென்ஸுக்கு பெல்லோஸ் 400 மி.மீ. நீண்டிருந்தால் எக்ஸ்போஷர் 1.8 மடங்காக வேண்டும்.

சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் விவரம் வேண்டிய நிழலை அளந்து இரண்டு ஸ்டாப் குறைத்து வையுங்கள். இலைகளின் ஊடே தெரியும் வானத்தையும் அளந்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் கான்ட்ராஸ்ட் தானாகவே ஏறும். டெவலப் நேரத்தை 10 முதல் 15 சதவீதம் குறைத்துத் தொடங்கிப் பாருங்கள். சிவப்பு ஃபில்டர் காட்டுக்குள் வேண்டாம். நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம், அந்த நீலத்தைத்தான் சிவப்பு விழுங்கும்.

ஈரமும் ஃபிலிமும்

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ நேராக எடுத்து வந்த லென்ஸில் பனிபோல் ஈரம் படியும். ஹோல்டர்களையும் லென்ஸையும் மூடிய பைக்குள்ளேயே வைத்து, வெளிச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஃபிலிமை விட்டுப் போகவும் கூடாது.

உலர்ந்த ஹோல்டருக்குள் இருந்த பெரிய ஷீட், ஹோல்டரை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடு தகட்டை இழுத்ததும் ஈரக்காற்றை உறிஞ்சி மெல்ல உப்பும். 8×10இல் இது அடிக்கடி நடக்கும், எக்ஸ்போஷர் பாதியில் நடந்தால் படத்தின் நடுப்பகுதி மட்டும் மங்கும். ஷட்டர் மூடியிருக்கும்போதே ஸ்லைடை இழுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து பிறகு திறந்தால் பிரச்சினை குறையும். அந்த நேரமெல்லாம் பெல்லோஸ்மேல் கருப்புத் துணி கிடக்கட்டும். சாதாரணமாகத் தெரியாத ஊசித்துளைகூட 80 விநாடியில் நெகட்டிவில் புகைபோல் பதியும். புறப்படுவதற்கு முதல் நாள் இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச்சை விட்டு மடிப்பு மூலைகளைப் பாருங்கள்.

கொசு மருந்தில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் இருந்தால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கையில் தடவிக்கொண்டு மீட்டரையோ கிரவுண்ட் கிளாஸோடு இருக்கும் பிளாஸ்டிக் ஃப்ரெனல் தகட்டையோ தொட்டால் விரல்ரேகை நிரந்தரம். பிகாரிடின் உள்ள மருந்து பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது.

உயிரினங்கள்

ஃபோகஸ் பார்க்கக் கருப்புத் துணிக்குள் தலையை விட்டவருக்குச் சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரியாது. இதற்காகவே கூட ஒருவர் வேண்டும். அவர் வேலை பேச்சுத்துணை இல்லை, கண்காணிப்பு. அலிகேட்டர் பொதுவாக விலகியே போகும். சீறினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள், முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குங்கள். கோடையில் கூட்டுக்கும் குஞ்சுக்கும் காவலிருக்கும் தாய் விலகாது. தீனி போடுவது ஃப்ளோரிடாவில் குற்றம். மனிதரைக் கண்டால் சோறு என்று பழகிய அலிகேட்டரைக் கடைசியில் கொல்லத்தான் செய்வார்கள்.

காட்டன்மவுத் பாம்பு நகராமல் சுருண்டு கிடந்து வெள்ளை வாயைத் திறந்து காட்டும். விழுந்த மரத்திலும் சைப்ரஸின் முட்டுவேர்களிலும் கிடக்கும். ஹோல்டரை வைக்கத் தோதான இடமும் அதுவேதான், பார்க்காமல் கையை வைக்காதீர்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. 911ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. லூப் ரோட்டில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, ஆகவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டே இறங்குங்கள். தண்ணீரில்லாத மேட்டைப் பார்த்ததும் பையை இறக்கத் தோன்றும். நெருப்பெறும்புப் புற்றும் அந்த மேட்டில்தான்.

நம்மால் காட்டுக்கு வரும் கேடும் சின்னதில்லை. நீரில் பஞ்சுபோல் மிதக்கும் பாசிப் படலத்தின்மேல் பல உயிர்கள் வாழ்கின்றன, நடந்த தடம் வெகுநாள் கலையாது. போன வழியிலேயே திரும்புங்கள். சட்டகத்தில் குறுக்கிடும் கிளையை ஒடிக்காதீர்கள், கேமராவை ஓரடி நகர்த்துங்கள். ஆர்க்கிட் படத்தை இடக்குறிப்போடு பதிவிட்டால் திருடர்களுக்கு நாமே வழி சொன்னதாகும். இலையே இல்லாத கோஸ்ட் ஆர்க்கிட் பக்கத்து ஃபகாஹாச்சி காட்டிலிருந்து திருடப்பட்டு நீதிமன்றம் வரை போன கதை பழையது.

திரும்பி வந்ததும் முக்காலியைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். சதுப்பின் தென்மேற்கு ஓரம் உப்பு கலந்த அலையாத்திக் காடு, அங்கே போய் வந்தால் அன்றிரவே கழுவியாக வேண்டும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். பிச்சாவரத்தில் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஷூவின் அடியில் ஒட்டிய விதைகளைச் சுரண்டிவிட்டு மறுநாள் வேறு இடத்தில் இறங்குங்கள். டெவலப் செய்யும்போது பயன்படுத்திய ஃபிக்ஸர் கரைசலில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கழிவறையிலோ மண்ணிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, உங்கள் பகுதியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.