‘ஓரளவு பழையது’ என்பதற்கு எத்தனை புள்ளி?

மட்டக்களப்பு வாவியின் கரையை வரைபடத்தில் ஒரே கோடாக வரைகிறோம். ஆனால் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும்போது நீர் நிற்கும் எல்லை வேறு, மாரி வெள்ளம் வடிவதற்காக அதை வெட்டித் திறந்த பின்னர் உள்ள எல்லை வேறு. வரைபடங்களையும் அவற்றின் தரவுகளையும் கணினியில் பேணும் அலுவலகப் புவியியல் தகவல் முறைமைகளைச் சூழ்ந்துள்ள இடர்களும் அத்தகையனவே. இருந்தும் அவற்றை, இடர்களைப் பட்டியலிட்டுப் புள்ளியிடும் இடர்ப் பதிவேட்டில் 1 முதல் 5 வரையான ஒரு முழு எண்ணுக்குள் அடைத்துவிடுகிறோம்.

நான் ஆலோசனை வழங்கிய ஓர் அலுவலகத்தில், 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தரவு உயர் இடருடையது என்றொரு விதி இருந்தது. அதன்படி, குளங்களைக் காட்டும் வரைபடத் தரவுப்படை ஒரு மாதம்வரை பாதுகாப்பானதாக இருந்து, அடுத்த மாதமே ஆபத்தானதாகிவிடும். அதைப் பேணிவந்த உத்தியோகத்தரோ, “ஓரளவு பழசுதான் சேர், ஆனா காப்புப் பிரதி எடுத்துக் கனகாலம்” என்றார். அந்தச் சொற்களில் இருந்த அறிவு பதிவேட்டில் இல்லை.

அதைக் கணக்கிற்குள் கொண்டுவரும் வழியே ஃபஸி லொஜிக் எனப்படும் மங்கல் தருக்கம். லொத்ஃபி சாதே 1965 இல் முன்வைத்த மங்கல் தொடைகளில், ஒரு பொருளின் அங்கத்துவம் 0 இற்கும் 1 இற்கும் இடையில் எந்தப் பெறுமானத்தையும் ஏற்கலாம். இது நிகழ்தகவு அன்று. ஒரு விவரணம் எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு. அந்தத் தரவுப்படைக்கு ‘பழையது’ 0.6 என்றும், ‘ஓரளவு பழையது’ 0.4 என்றும், ‘காப்புப் பிரதி போதாது’ 0.8 என்றும் மதிப்பிட்டோம். பழையதாகவும் காப்புப் பிரதி போதாததாகவும் இருந்தால் இடர் உயர்வு என்ற விதி, இரண்டில் சிறிய பெறுமானமான 0.6 வலுவுடன் இயங்கும். ஓரளவு பழையதாயின் இடர் நடுத்தரம் என்ற விதி 0.4 வலுவுடன் இயங்கும். நூற்றுக்கு உயர்வுக்கு 80, நடுத்தரத்துக்கு 50 என வைத்து நிறையளித்த சராசரி கண்டால் இடர் 68 ஆகும்.

எல்லாவற்றுக்கும் இம்முறை வேண்டியதில்லை. இலங்கை வரைபடங்களில் இடங்களை எண்களால் குறிக்கும் பழைய கண்டவல ஆள்கூற்று முறையில் தொடக்கப் புள்ளிக்கு இரு திசையிலும் 200,000 மீற்றரும், 1999 இன் முறையில் 500,000 மீற்றரும் கொடுக்கப்பட்டுள்ளன. பழைய முறையின் எண்களைப் புதிய முறையினவாகக் கொண்டால், வாழைச்சேனையின் பாடசாலை 300 கிலோமீற்றர் மேற்கிலும் அதேயளவு தெற்கிலும் விலகிக் கடலில் விழும். இதற்கு ஆம், இல்லை என்ற சரிபார்ப்பே தேவை.

மாறாக, ‘காப்புப் பிரதி உண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் போதவே போதாது. பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க், கணினி இருக்கும் அதே நிலத்தள அறையின் அலுமாரியில் இருந்தால், 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரையோரத்தில் ‘காப்புப் பிரதி போதும்’ என்பதில் அதன் அங்கத்துவத்தை 0.2 இற்கு மேல் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தப் பெறுமானங்களை வெளியிலிருந்து வரும் ஆலோசகர் தனியே தீர்மானிக்கக் கூடாது. முறைமையை நாளாந்தம் கையாள்பவர்களுடன் அமர்ந்தே வகுக்க வேண்டும். அவ்வாறு அமர்ந்தபோதுதான், முறைமை முழுவதையும் அறிந்தவர் அந்த உத்தியோகத்தர் ஒருவரே என்பதும், ஜனவரியில் அவருக்கு இடமாற்றம் என்பதும் தெரியவந்தன. பதிவேட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்கவில்லை.