அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை: பைத்தான் மாட்யூல்களில் எங்கே தேடுவது?

ஒரே பைத்தான் புரோகிராம், அதே மாட்யூல்கள் (புரோகிராம் எடுத்துப் பயன்படுத்தும் தயார் கோடு ஃபைல்கள்). டெவலப்பரின் லேப்டாப்பில் அறிக்கை சரியாக வருகிறது. கிளை அலுவலகக் கம்ப்யூட்டரில் பாதியில் நிற்கிறது, அல்லது நிற்காமல் தப்பான தொகையைக் காட்டுகிறது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யத்தான் கை போகும். அதைக் கடைசிக்கு வையுங்கள். சில நேரம் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் எது மாறியதால் சரியானது என்ற தடயமும் அதோடு போய்விடும். பிறகு இன்னொரு கம்ப்யூட்டரில் அதே தொல்லை.

முதலில் இரண்டு கம்ப்யூட்டர்களிலும் ஒரே விவரங்களை எடுத்து இரண்டு டெக்ஸ்ட் ஃபைல்களாக வையுங்கள்: பைத்தானின் முழு பதிப்பு எண் (3.11 என்று நிறுத்தாமல் 3.11.4 வரை), இயங்குவது எந்தக் கோப்புறையில் உள்ள பைத்தான், சிஸ்.பாத் காட்டும் தேடல் பாதைகள் (மாட்யூல்களைத் தேடும் கோப்புறைகள்), பிப் ஃப்ரீஸ் தரும் பட்டியல் (பிப் என்பது மாட்யூல்களை இன்ஸ்டால் செய்யும் கருவி; இன்ஸ்டால் ஆனவற்றைப் பதிப்போடு காட்டும்). பிப்பைத் தனிக் கட்டளையாக ஓட்டினால், அதே கம்ப்யூட்டரில் உள்ள வேறொரு பைத்தானின் பட்டியல் வந்து நிற்கலாம். சந்தேகத்துக்குரிய பைத்தானையே மைனஸ் எம் (-m) கொடுத்து பிப்பை ஓட்டச் சொல்லுங்கள். முதல் மூன்று விவரங்களையும் கமாண்ட் பிராம்ப்ட்டில் எடுக்காமல், பழுதாகும் புரோகிராமுக்குள்ளிருந்தே அச்சிடுவது நல்லது. டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடும் புரோகிராமுக்கு, நீங்கள் கையால் ஓட்டும்போது இருக்கும் சூழல் கிடைப்பதில்லை.

அடுத்து, லோடு ஆனது எந்த ஃபைல் என்று பாருங்கள். ஓட்டும் ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையைத்தான் பைத்தான் முதலில் தேடும். யாரோ சோதனைக்காக அங்கே சிஎஸ்வி.பிஒய் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு ஒரு ஃபைலை விட்டுவிட்டுப் போயிருந்தால், பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலுக்குப் பதில் அதுதான் வரும். மாட்யூலின் 'ஃபைல்' பண்பை (இருபுறமும் இரட்டை அடிக்கோடு) அச்சிட்டால் ஒரே வரியில் விடை கிடைக்கும். பயனரின் தனிக் கோப்புறையில் பழைய பதிப்பு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, சிறிய எழுத்தில் மைனஸ் எஸ் கொடுத்து ஓட்டுங்கள். பைத்தான்பாத் போன்ற சூழல் மாறிகளை (கம்ப்யூட்டரில் முன்பே வைத்திருக்கும் அமைப்பு மதிப்புகளை) ஒதுக்குவது பெரிய எழுத்து மைனஸ் இ.

தமிழ் டேட்டா கையாளும் புரோகிராம்களில் அதிகம் கடிப்பது என்கோடிங், அதாவது எழுத்துகளை எண்களாக (பைட்களாக) மாற்றிச் சேமிக்கும் முறை. ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால், லினக்ஸ் பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸ், விண்டோஸ்-1252 என்று எடுத்துக்கொள்ளும். அந்த 1252 அட்டவணையில் ஹெக்ஸ் எண் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய ஐந்து இடங்கள் காலி. யூடிஎஃப்-8-இல் நம் புள்ளியின் கடைசி பைட் 8டி. உகரக் குறியின் கடைசி பைட் 81. அதனால் 'சேலம்' வந்ததும் புரோகிராம் பிழை காட்டி நிற்கும், 'மதுரை'யிலும் நிற்கும். 'கோவை'யும் 'தேனி'யும் மட்டும் உள்ள ஃபைலோ எந்தப் பிழையும் இல்லாமல் உள்ளே போய்க் குப்பை எழுத்துகளாகச் சேமிக்கப்படும். இரண்டாவதுதான் ஆபத்து. "சில கிளைகளின் ஃபைல் மட்டும் ஓடுகிறது" என்று புகார் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தீர்வு, ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதுவது. எங்கெல்லாம் விடுபட்டிருக்கிறது என்று அறிய, 3.10 முதல் மைனஸ் எக்ஸ் 'வார்ன் டிஃபால்ட் என்கோடிங்' என்ற வசதி உண்டு. கோடில் கை வைக்க முடியாத இடத்தில் பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 கொடுக்கலாம்; இது 3.7 முதல் வேலை செய்யும். எக்செல் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமிக்கும் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். அதனால் முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தாமல் போகும். அங்கே யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். எக்செல்லின் சாதா சிஎஸ்வியில் தமிழ் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் எந்தக் கோடும் மீட்காது, மூல ஃபைலைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் மாட்யூல்) கோப்புறையில் உள்ளதையெல்லாம் லோடு செய்யும் புரோகிராம்களில் வரிசைச் சிக்கல் வரும். கோப்புறையில் உள்ள ஃபைல்களைப் பட்டியலிடும் ஓஎஸ்.லிஸ்ட்டிர் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் தருவதில்லை. விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸில் அது வழக்கமாக அகரவரிசையில் வந்துவிடுவதால் பல வருடம் யாரும் கவனிப்பதில்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4-இல் வரிசை வேறு. இரண்டு மாட்யூல்கள் ஒரே பெயரில் பதிவானால் கடைசியாக வந்தது ஜெயிக்கும். அது எது என்பது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். பட்டியலை சார்ட்டட் கொண்டு அகரவரிசைப்படுத்தினால் முடிவு எங்கும் ஒன்றாகிவிடும். ஆனாலும் ஒரே பெயரில் இரண்டாவது மாட்யூல் பதிவானால் பிழை காட்டி நிறுத்துவதே நேர்மையான வழி.

தொகை தப்பாக வந்தால், எண் கணக்குகளுக்கான மாட்யூலான நம்பையின் (NumPy) பதிப்பைப் பாருங்கள். 2024 ஜூனில் வந்த 2.0-க்கு முன், விண்டோஸில் அதன் இயல்பான முழு எண் 32 பிட். 64 பிட் லினக்ஸில் 64 பிட். 32 பிட்டின் உச்சம் 214,74,83,647. கணக்கைப் பைசாவில் வைத்திருந்தால் அது வெறும் 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாய். அதைத் தாண்டியதும் கூட்டுத்தொகை எச்சரிக்கைகூட இல்லாமல் மைனஸில் போய்விடும். இன்ட்64 என்று வகையைக் குறிப்பிட்டு எழுதுவதுதான் மருந்து. வெறுமனே 2.0-க்கு மாற்றினால் 1.எக்ஸுக்காகக் கம்பைல் செய்த மற்ற மாட்யூல்கள் உடையலாம்.

நள்ளிரவு முதல் அதிகாலை 5.30 வரை போட்ட பில்கள் மட்டும் முந்தைய தேதியில் விழுந்தால் அந்த சர்வரின் கடிகாரம் யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரம்) இருக்கிறது, வேறு எங்கும் தேட வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடாவிட்டால் பாதி பாதியாக வெட்டுங்கள். 32 பிளகின்கள் இருந்தால் 16-ஐ அணைத்து ஓட்டுங்கள். பழுது எந்தப் பாதியில் தெரிகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். ஐந்து சுற்றில் ஒன்று மிஞ்சும். இரண்டு பாதியும் தனித்தனியே நன்றாக ஓடினால் பழுது ஒரு ஜோடியில் இருக்கிறது: ஒரு பாதியை முழுதாக விட்டுவிட்டு மற்றதை மட்டும் வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புரோகிராமை மூடிவிட்டுத் திறக்க வேண்டும். ஒருமுறை லோடான மாட்யூலைப் பைத்தான் நினைவில் வைத்திருக்கும். மூடாமல் சோதித்தால் நீங்கள் அணைத்ததாக நினைக்கும் பிளகினே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.