வீட்டுக்கு மூத்தவர்களுக்கு எழுத நேரம் எங்கிருந்து வரும்?

"தூக்கம் வரல மேடம். அடிக்கடி தலைவலி. காரணமே இல்லாம தம்பி மேல எரிஞ்சு விழறேன்." வீட்டில் மூத்தவர்களாகப் பிறந்தவர்கள் ஆலோசனைக்கு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். எழுதுகிறேன் என்றோ எழுத ஆசை என்றோ முதல் சந்திப்பில் யாரும் சொல்வதில்லை. சில தடவை வந்து பேசிப் பழகிய பிறகு, கிளம்பும் நேரத்தில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "முன்னாடி கதை மாதிரி கொஞ்சம் எழுதுவேன், இப்ப முடியறதில்ல, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்பார்கள். அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தார்களோ என்று எனக்குப் பல சமயம் தோன்றும்.

இந்தக் கட்டுரைக்காக ஒரு பெண்ணைச் சொல்கிறேன். யாருடைய அடையாளமும் வெளியே தெரியக்கூடாது என்பதால் பலருடைய வாழ்க்கையைக் கலந்துதான் சொல்கிறேன். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறார், வயது முப்பதை நெருங்குகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை சரியாக வராது, அம்மாவுக்கு மூட்டுவலி, தம்பி இன்ஜினியரிங் கடைசி வருஷம், தங்கை பிளஸ் டூ. காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, அப்பாவுக்கு மாத்திரை எடுத்து வைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, கடைக்கு ஓடி, இரவு எட்டரைக்குத் திரும்பி, மறுபடி அடுப்பு, மறுபடி பாத்திரம், எல்லாம் முடிந்து படுக்கப்போகும்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றி, சித்தப்பாவைப் பற்றி, கடனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அதற்கப்புறம் போனில் நோட்ஸைத் திறந்தால், போன மாசம் பாதியில் நின்ற கதை அதே வரியில் நிற்கும். கல்லூரி ஆண்டுமலரில் அவர் கதை வந்திருக்கிறது, தெரியுமா. வீட்டில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

அவர் என்னிடம் கேட்டது, "டைம் மேனேஜ்மென்ட் சொல்லிக் கொடுங்க மேடம்." இதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதும் ஒன்றுதான்: உங்கள் நாளில் மிச்சமே இல்லை, இல்லாத நேரத்தை அட்டவணை போட்டு உருவாக்க முடியாது. உங்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்றால், இப்போது நீங்கள் செய்கிற ஒரு மணி நேர வேலை வீட்டில் இன்னொருவர் கைக்குப் போக வேண்டும், இல்லை என்றால் அந்த வேலை நடக்காமலே கிடக்க வேண்டும். மூன்றாவது வழி தூக்கத்தைக் குறைப்பது. மூத்தவர்கள் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் நேரே அதில்தான் கை வைக்கிறார்கள், தலைவலியும் எரிச்சலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

வீட்டு வேலையில் உதவுகிற பிள்ளை வேறு, வீட்டைச் சுமக்கிற பிள்ளை வேறு. ஒருவரை மட்டும் பார்க்காமல் குடும்பத்தையே சேர்த்துப் பார்க்கிற குடும்ப சிகிச்சையில் முன்னோடியான சால்வடோர் மினுச்சின் 1960-களில் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்தபோதே, பெற்றோரின் இடத்தில் நிறுத்தப்படும் பிள்ளையைப் பற்றி எழுதினார். எழுபதுகளில் இவான் பொசோர்மெனி-நாஜ் என்ற மனநல மருத்துவர் அதை இன்னும் விரிவாக்கினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று கைவேலை: சமையல், ஆஸ்பத்திரி, ஃபீஸ், பேங்க். இன்னொன்று மனவேலை: அம்மாவின் புலம்பலுக்குக் காதாக இருப்பது, அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் சமாதானம் பேசுவது, யார் முகம் வாடினாலும் முதலில் கவனிப்பது. கைவேலை அதிகமாக இருந்தாலும், அது எவ்வளவு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, நியாயமாக மதிக்கப்பட்டால் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள், சிலர் அதில் வலுவாகவும் ஆகிறார்கள். மனவேலைதான் ஆளைக் குடிக்கிறது, அதுவும் சின்ன வயதிலிருந்தே என்றால் கேட்கவே வேண்டாம்.

நம் வீடுகளில் இதைப் பாராட்டு என்ற பெயரில் செய்கிறோம். "என் மூத்தது இருக்கே, அது எனக்கு அம்மா மாதிரி" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லும்போது அந்தப் பிள்ளைக்குப் பெருமையாகத்தான் இருக்கும். எட்டு வயதில் அந்தப் பட்டத்தை வாங்கியவருக்கு இருபத்தெட்டு வயதில் "எனக்கு ஒரு மணி நேரம் வேணும்" என்று கேட்க எப்படி வாய் வரும்?

எண்களையும் பார்த்துவிடலாம். மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் இது 299, 97. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படப் போனால், ஆண்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்!

இந்தக் கணக்கிலும் வராத வேலை ஒன்று இருக்கிறது. அலிசன் டேமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவிகளிடம் பேசி, வீட்டின் சிந்தனை வேலையை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, கடைசியில் நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது எல்லோரும் கூட இருப்பார்கள். முன்கூட்டி உணர்வதும் கடைசியில் சரிபார்ப்பதும்தான் பெரும்பாலும் பெண் தலையில் விழுகின்றன என்று அவர் கண்டார். அவர் பார்த்தது தம்பதிகளை. நம் ஊரில் அந்தத் தலை பல வீடுகளில் மூத்த மகளுடையது. கேஸ் எப்போது தீரும், அப்பாவின் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது, தங்கையின் ஹால் டிக்கெட் வந்ததா, கரண்ட் பில்லுக்குக் கடைசி தேதி எது, எல்லாம் ஒரே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

கதை எழுதவும் அதே மண்டைதான் வேண்டும். இதைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை. "ராத்திரி பத்தரைக்கு மேல ஃப்ரீதானே, எழுத வேண்டியதுதானே" என்று அந்தப் பெண்ணின் தம்பி கேட்டானாம். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதித்துக் காட்டினார். வீட்டு நிர்வாகமோ என்றைக்கும் முடியாத வேலை. அதனால் பேனா கையில் இருந்தும் மனசு மளிகைக் கணக்கில் இருக்கும். "எனக்குத் திறமை போயிடுச்சு மேடம்" என்று கண் கலங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திறமை எங்கும் போகவில்லை, அது நிற்கத்தான் அங்கே இடமில்லை.

ஆகவே நான் முதலில் கொடுக்கிற வேலை, ஒரு வாரத்துக்குத் தன் தலைக்குள் ஓடுகிற வேலைகளை மட்டும் எழுதி வைப்பது. கை செய்த வேலையை எழுத வேண்டாம், ஞாபகம் வைத்திருந்ததை மட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்து வீட்டார் திகைப்பது இருக்கட்டும், எழுதியவரே திகைப்பார். அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து முழுசாகக் கைமாற்ற வேண்டும். "டேய், கேஸ் புக் பண்ணுடா" என்று சொன்னால் பாரம் மாறாது, ஏனென்றால் தீரப்போகிறது என்று கவனித்ததும் நீங்கள், புக் பண்ணினானா என்று பார்க்கப்போவதும் நீங்கள். "இனிமே கேஸ் உன் பொறுப்பு, நான் கேட்கவே மாட்டேன்" என்று சொன்னால்தான் மாறும். அவன் மறப்பான். ஒரு நாள் பாதி சமையலில் அடுப்பு அணையும். அன்றைக்கு நீங்கள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் சிலிண்டர் கேட்டு வாங்கிவிட்டால் பொறுப்பு மறுபடி உங்கள் மடிக்கு வந்துவிடும். ஹோட்டலில் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருங்கள். (அப்பாவின் மாத்திரையில் இந்தப் பரீட்சை வேண்டாம். தவறினால் யார் உடம்புக்கும் ஆபத்தில்லாத வேலையாகப் பார்த்துக் கொடுங்கள்.)

சொல்வது சுலபம், செய்யும்போது தடுப்பது வீட்டார் மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் கேஸைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தினமும் அவனுக்குத் தெரியாமல் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நான் பாக்கலேன்னா இந்த வீட்டுல நான் யாரு மேடம்?" என்றார். எல்லோருக்கும் வேண்டியவளாக இருப்பதே தன் மதிப்பு என்று இத்தனை வருஷம் பழகியவருக்கு, நேரம் கிடைக்கிற அன்றைக்கு நிம்மதி வராது, பயம்தான் வரும். முதல் சில வாரங்கள் கிடைத்த நேரத்தில் எழுதாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், அல்லது எழுந்துபோய்த் துணி மடிப்பார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

மனவேலைக்கும் ஒரு எல்லை போட வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் கடினம். அம்மா பேச வரும்போது "எனக்கு நேரமில்ல" என்றால் அவர் உடைந்துபோவார், வேறு யாரிடம் சொல்வார் பாவம். "அம்மா, பத்து மணிக்கு மேல வேணாம், காலைல காய் நறுக்கறப்ப பேசலாம்" என்று நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். காலையில் காய் நறுக்கும்போது புலம்பல் பாதியாகிவிட்டது, சாம்பார் கொதிக்கும்போது யாரும் சித்தப்பாவின் பழைய துரோகத்தை முழுசாகச் சொல்ல முடியாது.

இடம் பற்றிக் கொஞ்சம். இரண்டு அறை வீட்டில் கதவை மூடிக்கொண்டு எழுதுவது நடக்காது, எழுதுகிற பெண்ணைப் பார்த்தால் "சும்மாத்தானே இருக்கே" என்ற குரல் வரத்தான் செய்யும். வெளியே போய்விடுவது மேல். நூலகத்துக்குப் போகிறேன் என்றால் நம் ஊரில் பெற்றோர் அவ்வளவாகத் தடுப்பதில்லை. மதுரையில் நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு போய் உட்கார்வதற்கென்றே தனிப் பகுதி உண்டு. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பஸ் காசுக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம். தினமும் அரை மணி நேரம் என்று வைத்தால் மூத்தவர்களுக்கு அது நாலே நாளில் கரைந்துவிடும்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று கேட்பார்கள். "மனசு லேசாக எழுதறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மனசில் இருப்பதைக் கொட்டி எழுதினால் நன்மை உண்டு, ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் மாணவர்களை நான்கு நாள், தினம் கால் மணி நேரம் எழுதவைத்துச் செய்த ஆய்விலிருந்து இதைப் பற்றிப் பேசி வருகிறார்கள், நானும் சிலரை அப்படி எழுதச் சொல்வதுண்டு. ஆனால் கதை எழுதுகிறவருக்குக் கதைதான் வேண்டும், மருந்து வேண்டாம். எழுத்தை மருந்தாகச் சொல்லி வைத்தால், நீங்கள் கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்ததும் "இப்பதான் நல்லா இருக்கியே, இன்னிக்குப் போகணுமா?" என்று கேட்பார்கள். "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு எனக்கு வேலை இருக்கு" என்றால் போதும்.

உடைந்து உடைந்து கிடைக்கிற நேரத்துக்குத் தக்க வடிவத்தையும் யோசிக்கலாம். 2013-இல் நோபல் பரிசு பெற்ற கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்ரோவும் வீட்டில் மூத்தவர்தான். அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்ததால் சிறு வயதிலேயே வீட்டு வேலை அவர் தலையில் விழுந்தது. உதவித்தொகையில் பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு வருஷம்தான் வீட்டு வேலை இல்லாமல் இருந்த காலம் என்று பின்னாளில் சொன்னார். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எழுதி எழுதித்தான் சிறுகதைக்காரர் ஆனார். (மாற்றாந்தந்தை தன்னைச் சிறு வயதில் பாலியல் கொடுமை செய்தது தெரிந்தும் அம்மா அவரோடேயே இருந்தார் என்று 2024-இல் அவருடைய மகள் வெளியே சொன்ன பிறகு அவர் வாழ்க்கையை யாருக்கும் முன்மாதிரியாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேரத்தைப் பற்றி மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.) நாவல்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் வேண்டாம், இரண்டு பக்கக் கதையும் கதைதான்.

மூத்த மகன்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு அடுப்படி பாரம் குறைவு, கடன் பாரம் அதிகம். தங்கை கல்யாணத்துக்குப் போட்ட சீட்டு, வீட்டுக் கடன், தம்பி காலேஜ் ஃபீஸ் என்று ஓவர்டைம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "எழுதி என்னடா சம்பாதிக்கப் போற?" என்ற கேள்வியை வேறு யாரும் கேட்க வேண்டியதில்லை, அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்வார்கள். அவர்களிடம் நான் கேட்பது, இந்தக் கடன் எந்த மாதம் முடிகிறது என்பதைத்தான். பலருக்குத் தெரியாது. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, யார் எவ்வளவு, எதுவரைக்கும் என்று ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். படிப்பு முடித்துச் சம்பாதிக்க ஆரம்பித்த தம்பியிடம் பங்கு கேட்கத் தயங்குகிற அண்ணன்கள் எத்தனை பேர்!

இத்தனையும் வயது வந்தவர்களுக்கு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அங்கே பேச்சு எழுத்தைப் பற்றியது இல்லை, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். பெரியவர்களில், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எழுத்து மட்டுமல்லாமல் சாப்பாடு, பேச்சு என்று எதிலுமே விருப்பம் போய், "நான் இல்லாமப் போனா நல்லாயிருக்கும்" என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், வேலையைக் கைமாற்றுவதெல்லாம் அப்புறம். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற அன்றைக்கே உங்கள் பெயரிலும் ஒரு ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.